அம்மாவுக்கும் எனக்கும் ஒரே டீச்சர்

மேடையேறுகிறவர்கள் தங்களை ஆளாக்கிய ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கும் ஒருவர் ஞாபகம் வரத்தான் செய்கிறது. ஆனால் என் டீச்சரை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவது, பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது, இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் இழுப்பது, எல்லாம் அவர் போட்ட பிச்சை. மற்றவர்களுக்கு ஆசிரியர்கள் தைரியம் கொடுத்தார்களாம். எனக்குக் கிடைத்தது இதுதான்.

எங்கள் தோட்டம் மலேசியாவில் கோலசிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப்பள்ளி ஒரே நீளக் கட்டடம். வகுப்புகளுக்கு இடையே பலகைத் தடுப்பு மட்டும்தான் என்பதால் மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடும் நான்காம் வகுப்பின் செய்யுளும் ஐந்தாம் வகுப்பில் விழும் அடியும் எல்லா வகுப்புக்கும் பொதுச் சொத்து. ஆசிரியர் பற்றாக்குறை என்று சொல்லி எங்களை ஒன்றாம் வகுப்பில் பிடித்த டீச்சரிடமே ஆறாம் வகுப்புவரை விட்டுவைத்தார்கள்.

அவர் தினமும் ஈஜோக்கிலிருந்து கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருவார். வெயிலுக்குக் குடை விரித்திருப்பார். மண்சாலையில் எதிர்க்காற்று அடித்தால் குடை மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கும். கணவர் முறுக்குவார், டீச்சர் குடையை விடமாட்டார். வகுப்புக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டால் விசிறிக்கொள்வார். விசிறி விசிறி அந்தப் பதிவேடு ஓடு மாதிரி வளைந்துபோயிருந்தது. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பொட்டலம் கச்சான் கடலை இருக்கும். நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்க, அவர் அதை உரித்து உரித்துத் தின்பார்.

அடிக்கமாட்டார். அடித்திருந்தால் தேவலாம். அவர் செய்தது ஒன்றே ஒன்று. யார் என்ன விடை சொன்னாலும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்து, "நிச்சயமா?" என்பார்.

"ஏழெட்டு ஐம்பத்தாறு, டீச்சர்."

"நிச்சயமா?"

"ஐம்பத்து நாலு, டீச்சர்."

"நிச்சயமா?"

"அறுபத்து மூணு?"

"உட்கார்."

சரியா தப்பா என்று சொல்லமாட்டார். முதலில் சொன்னது சரியா, கடைசியில் சொன்னது சரியா, நடுவிலிருந்தது சரியா என்று தெரியாமலே நாங்கள் வீட்டுக்குப் போவோம். மற்ற பிள்ளைகள் மறந்துவிட்டு விளையாடப் போனார்கள். நான் தலையணைக்குள் முகம் புதைத்துக்கொண்டு ஏழெட்டை யோசித்தேன். ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு விடையை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை வழியாக மேசை தெரிந்தது. அதையும் அழிக்கலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன்.

தோட்டத்து மாரியம்மனிடம் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: டீச்சருக்கு மாற்றல் வர வேண்டும். ஆறு வருடமும் அம்மன் கேட்காதது மாதிரியே இருந்தாள்.

ஆறாம் வகுப்பு முடிந்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே இருந்த ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் மலாய் படித்து, இடைநிலைப் பள்ளியில் ஃபார்ம் ஒன்னுக்குப் போனேன். கோலசிலாங்கூர் டவுனில் பெரிய பள்ளி, ஒரு வகுப்புக்கு நாற்பது பேர். அங்கே யாரும் நிச்சயமா என்று கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். கையைத் தூக்கிப் பாதியில் இறக்கிவிடும் பெண் என்று என்னை எல்லாருக்கும் தெரியும். பாதி வருடத்தில் நின்றுவிட்டேன். அப்பா, "படிக்க வரலன்னா வேலைக்கு வா, அதுல என்னா," என்றார். தோட்டத்து நர்சரியில் செம்பனை நாற்றுக்கு பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை கிடைத்தது. எனக்குப் பொருத்தமான வேலை. நிரப்பிய பையைத் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கலாம், மண் ஒன்றும் சொல்லாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர்தான் சொல்வார்: "புள்ள, அது ஓடிப்போவாது. அடுத்த பைக்கு வா லா."

டீச்சர் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டார் என்று நினைத்திருந்தபோது அம்மாவுக்கு டீச்சரானார்.

அம்மா அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பிறந்ததற்குக் காகிதம்தான் இல்லை. அதனால் நாற்பது வயதுவரை அடையாள அட்டை சிவப்பு ஐசி. அப்பாவுக்கும் எனக்கும் நீலம். குடியுரிமை இல்லாதவள் என்பதைக் காட்ட அந்தச் சிவப்பு போதும். பக்கத்து வீட்டுச் சண்டையில்கூட யாராவது, "செவப்பு ஐசிக்கு வாயப் பாரு," என்று சொல்லிவிடுவார்கள். நீல ஐசிக்கு மனு எழுதினால் போதாது, அதிகாரி முன்னால் மலாயில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். லயத்தில் இப்படி நான்கு பெண்கள் இருந்தார்கள். டீச்சர் அவர்களுக்கு மனுப் பாரம் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆறாம் வகுப்பில் உட்காரவைத்து மலாய் சொல்லிக்கொடுத்தார். இதற்கு அவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கச்சான் மட்டும் யாராவது கொண்டுபோவார்கள்.

ஒருநாள் அம்மாவைக் கூப்பிடப் போனவள் சன்னலோரம் நின்று கேட்டேன்.

"மலேசியாவுல எத்தன நெகிரி?" மாநிலங்களைக் கேட்கிறார்.

"திகா பெலாஸ்," என்றாள் அம்மா. பதிமூன்று.

"நிச்சயமா?"

என் வாய் தானாகப் பதினாலு என்று முணுமுணுத்தது. அம்மா மாற்றவில்லை.

"நீங்கதானே டீச்சர் போன வாரம் பதிமூணுன்னு சொன்னீங்க? ஒரு வாரத்துல கூடிருச்சா?"

"கூடல."

"அப்ப பதிமூணுதான். அடுத்தது கேளுங்க."

டீச்சர் சிரித்தார். ஆறு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நாஜிர் வந்தார், பள்ளிகளைச் சோதிக்கும் கல்வி இலாகா அதிகாரி.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் டீச்சர் குடையோடு குழாயடிக்கு வந்தார். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் நகத்திலிருந்த நர்சரி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நாஜிர் வராரு," என்றார் டீச்சர்.

"வரட்டும் டீச்சர். கோழி அடிச்சிருவோமா?"

"அவரு கோழி திங்க வரலம்மா. தல எண்ண வராரு."

டீச்சரிடம் இப்போது இருந்த ஆறாம் வகுப்பில் எட்டுப் பேர். அதில் ஒரு பெண்ணின் குடும்பம் போன மாதம் ராவாங்குக்கு, ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டது. டீச்சர் பதிவேட்டில் அவள் பெயரை எடுக்கவில்லை. எட்டுக்குக் குறைந்தால் ஐந்தையும் ஆறையும் ஒன்றாக்கி எங்கள் டீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று பள்ளியில் எல்லாரும் நம்பினார்கள். மாற்றல் என்றால் வடக்கே சபாக் பக்கம். அங்கிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குடை பிடித்து வர முடியாது.

"அப்ப எங்க இண்டர்வியூ?" என்றாள் அம்மா.

"அதான் வந்தேன்."

"ஒரு தலதானே கொறையுது?" அம்மா ஈரக் கையால் என் முழங்கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இந்தாங்க."

"அம்மா! எனக்குப் பதினஞ்சு வயசு!"

"வயசு மூஞ்சியிலயா எழுதியிருக்கு? குட்டையாத்தானே இருக்க."

"கண்டுபுடிச்சா லோக்காப்புல போட்டுருவாங்கம்மா. டீச்சரையும் போடுவாங்க. ஒன்னையும் போடுவாங்க."

"போட்டா சோறு குடுப்பாங்கல்ல?"

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடைசி பெஞ்சில சும்மா உக்காந்தா போதும். வாயத் தொறக்காத. ஆறு வருஷமா என் வகுப்புல அதத்தான செஞ்ச?"

மண்டோரிடம் எனக்கு வயிற்றுப்போக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். விடிந்ததும் அந்தப் பொய் மட்டும் உண்மையாகிவிட்டது. பள்ளிக்குக் கிளம்புமுன் மூன்று முறை போய்வந்தேன். பழைய பள்ளிச் சீருடை, நீல பினபோரின் பக்கவாட்டு ஜிப் பாதியில் நின்றுவிட்டது, மேலே அம்மா இரண்டு ஊக்கு குத்தினாள். இரட்டைச் சடை போட்டு வெள்ளை ரிப்பன் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது தண்டனையாக யாரோ என்னைச் சின்னதாக்கிவிட்டது போலிருந்தது.

பெஞ்சில் முழங்கால் இடித்தது. பக்கத்துப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க பெயிலாயிட்டீங்களா?"

"ஆமாடா."

"எத்தன தடவ?"

"வாய மூடு."

நாஜிர் ஒல்லியான தமிழர். வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டேயிருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி உறுமவில்லை, மெதுவாகத்தான் பேசினார். பெயர்களை வாசித்தார். ராவாங்குக்குப் போன பெண்ணின் பெயர் வந்ததும் கை தூக்கினேன். எட்டு என்று குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. டீச்சர் பதிவேட்டை வாங்கி விசிறத் தொடங்கினார்.

வாசல்வரை போனவர் என் பெஞ்சு அருகே நின்றார்.

"பெரிய புள்ளையா இருக்கியே. ஒனக்கு எத்தன வயசும்மா?"

"பன்னெண்டு, சார்."

அவர் தலையாட்டினார். நிச்சயமாகத் தலையாட்டினார், நான் பார்த்தேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரும்பினார். அந்த நேரத்தில் டீச்சர் விசிறிக்கொண்டே சொன்னார்:

"நிச்சயமா?"

வேண்டுமென்று கேட்கவில்லை. கொசு கடித்தால் கை தானாகப் போகிறதில்லையா, அப்படி. ஒரு பிள்ளை எழுந்து விடை சொன்னால் அவர் வாய் அதைச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. விசிறி நடுவில் நின்றது. கண்ணால், வேண்டாம் வேண்டாம் என்கிறார். ஆனால் என் வாயும் அவர் பழக்கிய வாய்தான். ஆறு வருடப் பயிற்சி.

"இல்ல, டீச்சர். பதினஞ்சு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. நாஜிர் திரும்பி வந்தார்.

"அப்ப இந்தப் பேரு யாரோடது?"

"அவங்க ராவாங் போயிட்டாங்க, சார்."

"நீ யாரு?"

"நான் நர்சரில மண்ணு ரொப்புறேன், சார்." நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "இன்னிக்கு வயித்துப்போக்குன்னு லீவு போட்டிருக்கேன். அது நெசமாவே இருக்கு, சார்."

நாஜிரின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. "வீட்டுக்குப் போம்மா," என்றார். நான் கழிவறைக்குப் போனேன்.

யாரையும் லோக்காப்பில் போடவில்லை. அடுத்த தவணை சபாக் பக்கத்துத் தோட்டப் பள்ளி என்று டீச்சருக்கு ஒரு காகிதம் வந்தது. அதற்கு மூன்று வாரம் இருந்தது. ஆறு வருடம் வேண்டியதை அம்மன் இப்போது கொடுத்துவிட்டாள். குழாயடியில் நான் குடம் வைத்தால் மற்ற மூன்று பெண்களும் நகர்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "சத்தியம் தவறாதவங்க வராங்க, வழி விடுங்கடி," என்றாள்.

அம்மா அடிக்கவில்லை. ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கேட்டா மாத்திச் சொல்லிருவியா? எது கேட்டாலுமா?"

"ஆறு வருஷமா அப்படித்தாம்மா."

"என்னாத்த படிச்ச நீ!" என்றாள்.

மறுநாளிலிருந்து டீச்சர் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, தினமும் பள்ளி விட்டதும் நான்கு பெண்களையும் உட்காரவைத்தார். கணவர் மோட்டாரோடு மரத்தடியில் காத்திருப்பார். இரண்டாம் நாள் எனக்கும் ஆள் வந்தது. வேலை முடிந்து மண்ணோடு போய் நின்றேன். டீச்சர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "ஃபார்ம் ஒன் மலாய் படிச்ச புள்ளதானே. அதிகாரி மாதிரி கேள்வி கேக்கச் சொல்லு. எனக்குத் தொண்ட கட்டிருச்சு."

அப்படியாக நான் டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவைக் கேள்வி கேட்டேன். கேள்விகளை டீச்சர் தாளில் எழுதியிருந்தார். தேசிய மலர் என்ன, எத்தனை நெகிரி, எங்கே பிறந்தாய். ஒவ்வொன்றுக்கும் கீழே "பெத்துல்?" என்றும் எழுதியிருந்தார். மலாயில், சரிதானா என்று. அதிகாரிகள் அப்படிக் கேட்பார்களாம். கேட்டேன். அம்மா ஒவ்வொரு முறையும் என்னை முறைத்துவிட்டு அதே விடையைச் சொன்னாள். ஏழெட்டுக் கேள்வி தாண்டியதும் எனக்கு ஒன்று உறைத்தது. தாளில் விடைகள் இல்லை. பாதிக்கு எனக்கே விடை தெரியாது. தெரியாமலே அதிகாரத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மாவைத் தவிர மற்ற மூன்று பேரும் நடுங்கி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் கலைந்ததும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்து கேட்டேன்.

"டீச்சர், நிச்சயமான்னு கேப்பீங்களே. வெட தெரிஞ்சுதான கேப்பீங்க?"

அவர் கச்சான் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மாற்றல் காகிதம் வந்ததிலிருந்து அன்றுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாதி நேரம் நீங்க சொன்னது காதுலயே விழாது. அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் செய்யுளு, நான் கச்சான் தின்னுக்கிட்டிருப்பேன். நிச்சயமான்னு கேட்டா இன்னொரு தடவ சொல்லுவீங்கல்ல, அதுக்குத்தான்."

"திரும்பவும் அதையே சொல்லுவோம்னா?"

"வேற என்னாத்த சொல்லுவீங்க?" என்றார். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

தாளில் விழுந்த ஓட்டை, நின்றுபோன ஃபார்ம் ஒன், பாதியில் இறங்கிய கை, எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொட்டலம் கச்சான். அழுவதா சிரிப்பதா என்று வழக்கம்போல் முடிவெடுக்க முடியவில்லை.

டீச்சர் சபாக் போன அடுத்த வாரம் நேர்காணல். கோலசிலாங்கூர் அலுவலகத்தில் அம்மா உள்ளே போனாள், நான் வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அதிகாரி கேட்பதும் அம்மா சொல்வதும் கேட்டது. நெகிரிக் கணக்கு வந்தது. திகா பெலாஸ் என்றாள். அவர் தலையைத் தூக்காமலே, "பெத்துல்?" என்றார். அம்மா, "சாயா சூடா சாகாப் லா, துவான்," என்றாள். அதான் சொல்லிட்டேனே, ஐயா. நான் சுவரில் முட்டிக்கொண்டேன். உள்ளே பேனா எழுதும் சத்தம் கேட்டது.

நான்கு பேரில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. அம்மா ஒருத்தி. மற்ற இரண்டு பேரை மறுபடியும் வரச்சொன்னார்கள். அவர்கள் டீச்சர் இல்லாமல் போனதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீல ஐசி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இரண்டு பஸ் மாறி சபாக் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"டீச்சர் என்னா சொன்னாங்க?"

"போட்டோவுல பேய் மாதிரி இருக்கேனாம்."

"என்னயப் பத்தி?"

"ஒம்மேல கோவமில்லன்னாங்க."

"நெசமாவா? எப்படிச் சொன்னாங்க? சிரிச்சிக்கிட்டா, சும்மாவா?"

மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் அம்மா கரண்டியை ஓங்கினாள். "அடுத்த ஞாயித்துக்கெழம பஸ் இருக்கு. நீயே போயி கேளு!"

போனேன். சரியான பஸ்தானா என்று கண்டக்டரிடம் நான்கு முறை கேட்டேன். டீச்சர் பள்ளிக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணிக் கவ்வியை வாயிலிருந்து எடுத்தார்.

"கோவமான்னு கேக்க வந்தியா?"

"ஆமா, டீச்சர்."

"கோவம்தான். ரெண்டு பஸ் மாறி ஊருக்குப் போறேன் ஒன்னால."

"அம்மாகிட்ட இல்லன்னீங்களாம்."

"அவங்க ஐசிய காட்ட வந்தாங்க. அவங்ககிட்ட எதுக்கு அத சொல்லணும்? அந்த வாளிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். மிச்சத் துணியை நான் பிழிய அவர் காயப்போட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார், சீனி அள்ளிக் கொட்டியிருந்தார். அவர் கோபமாகத்தான் இருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.